தொட்டி கட்டியவரின் முழுக்கு

செஞ்சிக் கடைத்தெருவில், கோவிந்தராஜ் செட்டியாரின் மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த பாப்டிஸ்ட் சபையில் யாருக்கு ஞானஸ்நானம் என்றாலும் தண்ணீருக்குள் மூன்று பேர் நிற்பார்கள். முழுகுகிறவர் ஒருவர், முழுக்குகிற போதகர் ஒருவர், மூன்றாவது ஆள் தனகோட்டி.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சபைக்காரர்கள் குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளிக்கிறவர்கள் அல்ல. வயது வந்து, புத்தி தெளிந்து, தானாக எழுந்து வந்து "எனக்கு வேண்டும்" என்று கேட்கிறவருக்குத்தான் கொடுப்பார்கள். கொடுப்பதென்றால் அரைகுறையாக அல்ல, உச்சந்தலை வரை முழுக்கு. அதற்கென்றே பிரசங்க மேடைக்கு முன்னால் தரையில் ஒரு தொட்டி உண்டு. மற்ற நாட்களில் அதன்மேல் பலகை மூடியிருக்கும், பலகைமேல் ஆர்மோனியம் இருக்கும். முழுக்கு நாளில் ஆர்மோனியம் நகரும், பலகை எழும், இருநூற்றைம்பது குடம் தண்ணீர் உள்ளே போகும்.

தொட்டியைக் கட்டியவர் தனகோட்டிதான். சிங்கவரத்து விவசாயக் குடும்பம். நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் சுருங்கிப் போனதால் கரணையைக் கையில் எடுத்தவர். 1941இல், இருபத்து நாலு வயதுக் கொத்தனாராக, பத்து நாள் வேலை என்று சைக்கிளில் வந்தார். பத்து நாள் வேலை இருபத்து மூன்று வருஷம் நடந்தது. கதவைத் திறப்பதும் பூட்டுவதும் அவர். பெஞ்சு துடைப்பது, மணி அடிப்பது, தெருநாய் உள்ளே வராமல் வாசலில் நிற்பது எல்லாம் அவர். முழுக்கு நாளில் முதலில் தானே இறங்கி ஆழம் பார்ப்பார். கனத்த ஆசாமிகளை முதுகில் கைகொடுத்துத் தூக்கிவிடுவார், மேலே ஏறியதும் துண்டு நீட்டுவார். மில் மேஸ்திரி பொன்னுசாமியை முழுக்கிய அன்று தனகோட்டி மட்டும் இல்லாதிருந்தால் போதகரும் சேர்ந்து அடியில் போயிருப்பார். அந்த உடம்பு அப்படி.

இப்படி எழுபத்து மூன்று பேர். ஒவ்வொரு முறையும் வேட்டி இடுப்பு வரை நனையும், சட்டை காய்ந்தபடியே இருக்கும். வீட்டில் துவைக்கிற மனைவி ரஞ்சிதத்துக்குத்தான் அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

தொட்டியைப் பற்றி ரஞ்சிதத்துக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அது கட்டிய நாளிலிருந்தே ஒழுகிற்று. வடக்கு மூலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. இளம் கொத்தனாருக்கு அதை ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முழுக்குக்கும் இரண்டு நாள் முன்னால், "தொட்டி கழுவணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு, சிமெண்ட்டும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வெளியே வருவார். மனிதருக்கு இருந்த ஒரே திருட்டுத்தனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சபைக்கும் ஒரு கதை உண்டு. முதலில் அதைத் தொடங்கியவர்கள் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ரோடு போடவும் கல் உடைக்கவும் வந்த தெலுங்குக்காரர்கள். பாட்டு தெலுங்கு, பிரசங்கம் தெலுங்கு, சண்டையும் தெலுங்கு. அப்போது செட்டியாரின் நைனா காலம். கடைக்கிணற்றுக்குச் சபைப் பக்கமிருந்த கதவு பூட்டியே கிடந்தது, தண்ணீர் மாட்டு வண்டியில் வந்தது. ரோடு முடிந்ததும் அவர்கள் மூட்டை கட்டினார்கள். அடுத்து மல்லாட்டை மில்லுக்கு, அதாவது வேர்க்கடலை மில்லுக்கு, தொண்டூர்ப் பக்கத்து ஜனங்கள் வந்தார்கள். பெஞ்சு நிரம்பியது, மேளம் வந்தது. கோவிந்தராஜ் கடைக்கு உட்கார்ந்து கிணற்றுக் கதவைத் திறந்துவிட்டதும் அந்தக் காலத்தில்தான். மில் திண்டிவனத்துக்குப் போயிற்று, ஜனங்களும் பின்னாலேயே போனார்கள். அப்புறம் கவர்மெண்ட் உத்தியோகஸ்தர்கள். தாலுகா ஆபீஸ் கிளார்க், ரிஜிஸ்டர் ஆபீஸ் கிளார்க், வாத்தியார், டீச்சர் எனத் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஆர்மோனியம் கொண்டுவந்தார்கள், சுத்தத் தமிழ் கொண்டுவந்தார்கள், டிரான்ஸ்பர் ஆர்டரும் கூடவே கொண்டுவந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் போனார்கள். எல்லாரையும் பஸ் ஏற்றிவிட்டவர் தனகோட்டி. மூன்று கூட்டமும் மாறி மாறி ஒரு வழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தது: ஆராதனையின் முதல் பாட்டு, ஆதியிலிருந்த அதே தெலுங்குப் பாட்டு. 1964இல் அந்தச் சபையில் தெலுங்கு தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் முதல் பாட்டு அதுதான்.

அந்த வருஷம் அக்டோபரில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. சபைகளை எல்லாம் சேர்த்து நடத்துகிற சங்கத்தின் கடிதம். பன்னிரண்டு அங்கத்தினருக்குக் குறைந்த சபைகளைப் பக்கத்துச் சபையோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். நவம்பர் கடைசி ஞாயிறு செயலாளர் நேரில் வந்து பெயர் கூப்பிட்டுப் பார்ப்பாராம். குறைந்தால் செஞ்சி சபை திண்டிவனத்தோடு சேரும்; கட்டடத்துக்குப் பூட்டு.

போதகர் ராஜாங்கம் பதறவில்லை. ஐந்து வருஷமாக அங்கே இருக்கிறவர், விரல் விட்டே எண்ணிவிட்டார். "மனோரமா டீச்சர், கம்பவுண்டர் சொக்கலிங்கம்..." என்று ஆரம்பித்துக் கடைசி விரலைத் தனகோட்டிக்காக மடக்கினார். சரியாகப் பன்னிரண்டு. பிறகு பட்டியல் எழுத அங்கத்தினர் புத்தகத்தைத் திறந்தார். பதினொன்று இருந்தது. மறுபடி எண்ணினார், பதினொன்றுதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினாலும் அதே பதினொன்று.

வேடிக்கை என்னவென்றால், மாதா மாதம் சபைக்கூட்டத்தில் அந்தப் புத்தகத்தை உரக்கப் படிக்கிறவரே தனகோட்டிதான். குரல் பெரிய குரல், எழுத்து சபையின் ராப்பள்ளியில் கற்றது. அவர் பெயர் வாசிப்பார், ஒவ்வொருவராக "இருக்கேன்" என்பார்கள். வாசிக்கிறவர் தன் பெயரை எதற்கு வாசிக்க வேண்டும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். முழுகியவர்கள் மட்டும் எடுக்கிற திருவிருந்து அப்பத் தட்டு பெஞ்சு பெஞ்சாகப் போகும். வாசலில் நிற்கிறவர் பிறகு எடுத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டார்கள். வந்த போதகர் ஒவ்வொருவரும், தமக்கு முந்திய போதகர் அவரை முழுக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். தண்ணீரிலேயே நிற்கிற மனிதனைப் பார்த்து முழுகினாயா என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

"இன்னாங்க இது, உம்ம பேரைக் காணோமே?" என்றார் போதகர்.

"நான் இன்னும் முழுகலீங்களே ஐயா" என்றார் தனகோட்டி, பெஞ்சு துடைத்தபடியே.

போதகர் உட்கார்ந்துவிட்டார். "இருபத்து மூணு வருஷமா ஏன்யா வரலை?"

"யாரும் கூப்புடலீங்க."

"கூப்புடக் கூடாதுன்றதுதான்யா நம்ம சபைச் சட்டம்! தானா எழுந்து வரணும்."

"அது எனக்கு யாரும் சொல்லலீங்க. அவங்களையெல்லாம் நீங்க முன்னாடியே வீட்டுக்குப் போயி அழைச்சிருப்பீங்கன்னு இருந்தேன்."

அவர் வளர்ந்த ஊரில் அதுதான் மரியாதை. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து வாசலில் வந்து அழைக்காத விசேஷத்துக்குச் சொந்தத் தம்பியே ஆனாலும் போகமாட்டான். சபையில் ஒருவரை அழைப்பதே தப்பு, அது நெருக்குவது மாதிரி. இரண்டு பக்கமும் மரியாதையாகவே இருந்து, மரியாதையிலேயே இருபத்து மூன்று வருஷம் ஓடிப்போயிருந்தது.

போதகர் தலையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப நான் கூப்பிட்டா எண்ணிக்கைக்காகக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும். அதுக்கு எனக்கு வாய் வராது தனகோட்டி. சபை போனாலும் போகட்டும்."

நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில் சொன்னார். ஆனால் தனகோட்டிக்கு அது எங்கேயோ குத்திற்று. இத்தனை நாள் தன்னைத் தேடாதவர்கள், ஒரு விரல் மடங்காமல் நின்றபோதுதானே தேடினார்கள்? இப்போதும் கூப்பிட வாய் வராதாம். துடைத்த துணியை உதறிப் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார்.

"இன்னாய்யா மூஞ்சி இப்டி இருக்குது?" என்றாள் ரஞ்சிதம். சொன்னார். அவள் சிங்கவரம் ரங்கநாதரை விட்டு அசையாதவள். ஆனாலும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நெஜமாவா? எழுபத்து மூணு பேரைத் தூக்கிவுட்டுட்டு நீ மட்டும் கரையிலயா நின்ன? நான்கூட நீ எப்பவோ முழுகிட்டேன்னுல்ல இருந்தேன்!"

"நீயுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் போகவில்லை. காலையில் களத்துமேட்டில் அண்ணனோடு உட்கார்ந்து வேலை இருப்பதுபோல் பாசாங்கு பண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு வேட்டியை இறுக்கியபோது இடுப்பில் ஏதோ உறுத்தியது. சபைச் சாவி. இருந்தது ஒரே சாவி.

சைக்கிள் செயின் இரண்டு முறை கழன்றது. கடைத்தெரு திரும்பும்போது ஒன்பதரை தாண்டிவிட்டது. இந்நேரம் பூட்டை உடைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தவர், செட்டியார் கடைமுன் பிரேக்கைப் பிடித்தார். உள்ளே மல்லாட்டை மூட்டைகளின் மேல் சபையே உட்கார்ந்திருந்தது. போதகர் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். மனோரமா டீச்சர் புளிப் பானைகளுக்கு நடுவில் இருந்தார். கல்லாவில் செட்டியார் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த கடப்பாரை எடுப்பாரில்லாமல் வாசற்படியில் கிடந்தது.

"நான் அப்பவே சொன்னேன், ஒரு நெம்பு நெம்பிடலாம்னு" என்றார் செட்டியார் தனகோட்டியிடம். "உங்க சபை ஐயருதான் வாணாம்னுட்டாரு. தனகோட்டி வந்துடுவாரு, வந்துடுவாருன்னு ஒக்காந்துனுகிறாரு."

அவர்கள் முதல் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். தெலுங்குப் பாட்டின் முதல் அடி முடிந்தது. மறுபடியும் முதல் அடியையே எடுத்தார்கள். அது முடிந்தது, மூன்றாம் முறையும் அதையேதான் எடுத்தார்கள். தனகோட்டிக்கு அப்போதுதான் புரிந்தது. இவர்களுக்கு இரண்டாம் அடி தெரியாது! இத்தனை வருஷமும் வாசலில் நின்று அவர் பாடியதன் பின்னால் முனகிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பாட்டின் மிச்சம் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. கல் உடைத்தவர்கள் தொட்டிக்குக் குழி வெட்டும்போது மூச்சுக்கு மூச்சு பாடிக்கொடுத்தது அது.

சைக்கிளைப் பிடித்தபடி, தெருவில் நின்றே இரண்டாம் அடியை எடுத்தார். கடைக்குள்ளிருந்து பதினோரு தலையும் திரும்பியது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. புளி நெடி என்று பிற்பாடு சொன்னார். தனகோட்டிக்குக் கலங்கியதை அவர் மறைக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் போதகரிடம் போனார். "ஐயா, நானா வர்றேன்."

"எண்ணிக்கைக்காக வாணாம்யா."

"எண்ணிக்கை எதுக்குங்க? அந்த ரோட்டு ஆளுங்க முழுகினப்பவே ஆசை இருந்துது. மனசு எப்பவோ உள்ளே வந்துடுச்சி. உடம்புதான் வாசல்லயே நின்னுட்டுது."

அவரைச் சேர்த்துக்கொள்ளச் சபை ஓட்டுப் போட்டது. பத்துப் பேர் ஒரு கையைத் தூக்கினார்கள், மனோரமா டீச்சர் இரண்டு கையையும் தூக்கினார். முழுக்கு நவம்பர் கடைசி ஞாயிறு, செயலாளரின் முன்னிலையில் என்று முடிவாயிற்று.

அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது தனகோட்டி சிமெண்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலிலேயே கம்பவுண்டர் சொக்கலிங்கம் மறித்துக்கொண்டார். "நீ எதையும் தொடக் கூடாது. இந்தத் தபா எல்லாம் நாங்கதான். கல்யாண மாப்பிள்ளையே பந்தக்கால் நடுவானாய்யா?"

"இல்லீங்க, தொட்டிய ஒருக்கா கழுவிட்டு..."

"கழுவியாச்சி. போய் சாட்சி சொல்லப் படி, போ."

என்ன சொல்வார்? தொட்டி ஒழுகுகிறது என்றால் இருபத்து மூன்று வருஷத்து மானம் போகும். சொல்லாவிட்டால் தண்ணீர் போகும். மானத்தையே தேர்ந்தெடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஞாயிறு விடியற்காலையில் ஐந்து ஆண்களும் சேர்ந்து இருநூற்றைம்பது குடம் ரொப்பினார்கள். தொட்டி தளும்பத் தளும்ப நின்றது. பலகையை மூடினார்கள். ஒன்பது மணி பஸ்ஸில் செயலாளர் வந்தார். கோட்டுப் போட்ட, கண்டிப்பான, நீளமாகப் பேசுகிற மனிதர். தனகோட்டி வாழ்க்கையில் முதல்முறையாக முன் பெஞ்சில், புது வேட்டி சட்டையோடு உட்கார்ந்தார். ரஞ்சிதம் உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பார்க்காமலும் இருக்க முடியாமல், அவருடைய பழைய இடத்தில் வாசலில் நின்றாள்.

செயலாளரின் பிரசங்கம் முக்கால் மணியைத் தாண்டியது. தனகோட்டி தற்செயலாகப் பக்கத்து ஜன்னல் வழியே வெளியே சந்துப் பக்கம் பார்த்தார். தேங்கிய தண்ணீரில் இரண்டு காக்கைகள் குஷியாகக் குளித்துக்கொண்டிருந்தன. மழை விட்டு நாலு நாளாகியிருந்தது.

அப்படியென்றால் அது தொட்டித் தண்ணீர். காக்கைகள் மூன்றாயின. பிரசங்கம் நோவாவின் வெள்ளத்துக்கு வந்து சேர்ந்திருந்தது, முடிகிற மாதிரி தெரியவில்லை. ஒருவழியாக முடிந்து, முழுகுமுன் சபைமுன் தன் விசுவாசத்தைச் சொல்கிற சாட்சிக்கு அவரை எழுப்பினார்கள். பத்து நாள் மனப்பாடம் செய்தது ஒரு வார்த்தைகூட வரவில்லை. எதிரில் பலகை, பலகைக்கு அடியில் தண்ணீர், இருக்கிறதோ இல்லையோ.

"ஐயா, எல்லாரும் மன்னிக்கணும்" என்றார். "இந்தத் தொட்டி ஒழுகுதுங்க. கட்டுன நாள்லேருந்து ஒழுகுது. ஒவ்வொரு தபாவும் நான் திருட்டுத்தனமா பூசினு வந்தேன். நல்ல கொத்தனாருன்னு நீங்கள்லாம் நெனைக்கணும்னு சொல்லாம வுட்டேன். இந்தத் தபா பூசலை. இதான் என் சாட்சி. வேற ஒண்ணும் எனக்கு ஞாபகம் வரலைங்க."

பலகையைத் தூக்கிப் பார்த்தார்கள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

முதலில் சிரித்தவர் கோட்டுப் போட்ட செயலாளர்தான் என்றால் நம்பமாட்டீர்கள். அப்புறம் சபை முழுக்கச் சிரித்தது. மனோரமா டீச்சர் ஆர்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் அது ஒரு தடவை ஊளையிட்டது.

"நின்னு சிரிச்சா தொட்டி ரொம்புமா?" என்று வாசலிலிருந்து ஒரு அதட்டல். ரஞ்சிதம் அதற்குள் செட்டியார் கிணற்றடியிலிருந்து முதல் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வரமாட்டேன் என்று சொன்ன வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். பின்னாலேயே ஆட்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். செட்டியார் இறைத்தார், டீச்சர் வாங்கினார், செயலாளர் கோட்டைக் கழற்றிவிட்டு நடுவில் நின்றார். மருந்து வாங்க வந்து கம்பவுண்டரைத் தேடிய ஆள்கூட இரண்டு குடம் கைமாற்றிவிட்டுத்தான் மருந்தைக் கேட்டார். மேலே ஊற்ற, கீழே ஒழுக, போட்டி நடந்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்த நிமிஷத்தில், "இப்ப! இப்பவே இறங்குங்க!" என்று கத்தினார் போதகர்.

மூன்றாவது ஆளாகக் கம்பவுண்டர் இறங்கினார். ஒடிசலான மனிதர், தனகோட்டியின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "கழுத்தை வுடுங்க, முதுகுல கை வையுங்க" என்று தனகோட்டியே சொல்லிக்கொடுத்தார். "ஐயா, நீங்க வலது காலைக் கொஞ்சம் பின்னால... ஆங், இப்ப சரி." பிறகு முழங்காலை மடக்கி, கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்தார். எழுபத்து மூன்று பேர் போய்வந்த இடத்துக்கு அவரும் போய்வந்தார்.

மேலே ஏறியதும் பழக்கத்தில் கை துண்டைத் தேடிற்று. துண்டு கொண்டுவர யாருக்கும் ஞாபகமில்லை. அது அவர் வேலையல்லவா. ரஞ்சிதம் தன் முந்தானையால் அத்தனை பேர் முன்னால் அவர் தலையைத் துவட்டினாள். "சட்டையும் நனைஞ்சிட்டுது, பாரு" என்றாள் மெதுவாக.

போதகர் புத்தகத்தில் பன்னிரண்டாவது பெயரை எழுதி மையை ஊதினார். "பெயர் கூப்பிடலாம்" என்றார் செயலாளர். புத்தகம் வழக்கப்படி தனகோட்டியின் கைக்கு வந்தது. சொட்டச் சொட்ட நின்று, தாளில் ஈரம் படாமல் எட்டத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் தலை நிமிர்ந்து பார்ப்பார், "இருக்கேன்" என்று வரும், அடுத்த பெயருக்குப் போவார். பதினொன்று முடிந்தது.

"தனகோட்டி" என்று வாசித்தார். வழக்கம்போலத் தலை நிமிர்ந்தார். யார் பதில் சொல்கிறார்கள் என்று முன் பெஞ்சைப் பார்த்தார், அடுத்த பெஞ்சைப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்னைத்தான்யா கூப்புடறாங்க" என்றாள் ரஞ்சிதம்.

"இருக்கேன்" என்றார் தனகோட்டி.